காரவன் டிரெய்லர் ரோட்டில் ஆடாமல் வர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டையே கோர்த்து இழுத்துக்கொண்டு போனால் நம் பக்கத்தில் திரும்பிப் பார்க்காதவர்கள் கிடையாது. காரிமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்தினாலும், கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசையில் நின்றாலும், யாராவது வந்து டிரெய்லரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: "ணா, இது பின்னாடி ஆடாதா?"

ஆடும். சரியாக ஏற்றவில்லை என்றால் ஆடும், காரையும் சேர்த்துக் கவிழ்க்கும். சரியாக ஏற்றினால் பின்னால் ஒன்று வருவதே தெரியாமல் வரும். இந்த வித்தியாசம் பெரும்பாலும் ரோட்டில் ஏற்படுவதில்லை, வீட்டு வாசலில் சாமான் ஏற்றும்போதே முடிவாகிவிடுகிறது. இப்போது தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் டிரெய்லர் செய்து வாங்குபவர்கள் தென்படுகிறார்கள், சிலர் உணவுக்கடை வண்டியாகவும் இழுக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்டவற்றை வரிசையாக எழுதிவைக்கிறேன். என்னுடையது ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் உள்ள பெட்டி. சாமானோடு சேர்த்து 1,100 கிலோ. கீழே வரும் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

ஆடுவது என்றால் என்ன? பள்ளத்தில் குலுங்குவதா?

இல்லை. குலுங்குவது மேலும் கீழும். நான் சொல்வது பக்கவாட்டு ஆட்டம். டிரெய்லரின் பின்பக்கம் இடதும் வலதுமாக வால் போல வீசும். டிரைவர்கள் "பாம்பு மாதிரி நெளியுது" என்று சொல்வது இதைத்தான்.

டிரெய்லர் ஒரே இடத்தில், காரின் பின்னால் இருக்கும் உருண்டையான கொக்கிக் குண்டில் மட்டும் பிடிபட்டிருக்கிறது. அந்தப் புள்ளியைச் சுற்றி அது திரும்ப முடியும். காற்றோ, பள்ளமோ, ஸ்டீயரிங் வெட்டோ ஒரு தள்ளு கொடுத்தால் அது ஒருமுறை ஆடித் தானே அடங்கும், ஏனென்றால் டயர்கள் அதைத் திரும்ப நேராக இழுக்கின்றன. வேகம் கூடக் கூட அடங்குவதற்கு எடுக்கும் நேரம் நீள்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஆட்டம் அடங்கவே அடங்காது. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். மூன்று நான்கு வீச்சுக்குள் காரின் பின்சக்கரம் பிடி விட்டுவிடும். அந்த வேகம் எல்லா டிரெய்லருக்கும் ஒன்றல்ல. மோசமாக ஏற்றிய டிரெய்லருக்கு அது 60-லேயே வரலாம், ஒழுங்காக ஏற்றியதற்கு நீங்கள் போகவே போகாத வேகத்தில் இருக்கலாம். நாம் செய்யும் எல்லா வேலையும் அந்த வேகத்தை நம் கைக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவைப்பதற்குத்தான்.

அதற்கு முதலில் என்ன பார்க்க வேண்டும்?

முன்பாரம். மாட்டுவண்டி ஓட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்பாரமாக ஏற்றினால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுக்கும், வண்டி ஓடாது. அளவுக்கு மேல் முன்பாரமானால் மாட்டின் கழுத்து புண்ணாகும். அதனால் வண்டிக்காரர் மூட்டைகளை ஏற்றிவிட்டு நுகத்தைக் கையால் தூக்கிப் பார்ப்பார்.

டிரெய்லருக்கும் அதே விதி. கொக்கிக் குண்டின் மேல் டிரெய்லர் அழுத்தும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 1,100 கிலோவுக்கு 110 முதல் 165 கிலோ. நான் 120-ல் வைத்திருக்கிறேன். இது குறைந்தால் எடையின் மையம் அச்சுக்கு அருகிலோ பின்னாலோ போய்விடும், அப்போது பின்பக்கம் வீச ஆரம்பித்தால் அதை அடக்க முன்னால் பிடிமானம் இருக்காது.

ஐரோப்பாவில் இதைவிடக் குறைந்த சதவீதத்தில் இழுக்கிறார்களே என்று ஒருவர் கேட்டார். உண்மைதான். அங்கே டிரெய்லர்களை அதற்கென்றே எடை குறைத்து, பாரம் நடுவில் விழும்படி கட்டுகிறார்கள், இழுக்கும்போது வேகமும் குறைவு. உள்ளூர்ப் பட்டறையில் இரும்புச் சட்டம் வைத்துக் கட்டிய பெட்டிக்கு 10-க்குக் கீழே போகாதீர்கள்.

அந்த எடையை எப்படி அளப்பது? எடை மேடைக்குப் போனால் போதுமா?

மொத்த எடைக்கு எடை மேடை போதும். டிரெய்லரைத் தனியாகக் கழற்றி, முன்கால் உட்பட முழுவதும் மேடை மேல் நிற்கும்படி வைத்து எடை போடுங்கள். முன்பாரத்துக்கு அது அவ்வளவு சரிவராது. லாரி எடை போடும் மேடை 10 கிலோ, 20 கிலோ படியாகத்தான் காட்டும். நமக்குத் தேவையான 110 கிலோவில் அந்தப் பிழை பெரியது.

நான் மாங்காய் மண்டித் தராசில் போடுகிறேன். கிருஷ்ணகிரி பக்கம் மண்டிக்குப் பஞ்சமில்லை. 300 கிலோ வரை போடும் எலக்ட்ரானிக் பிளாட்பாரத் தராசு எல்லா மண்டியிலும் இருக்கும், சீசன் இல்லாத நாளில் கேட்டால் தருவார்கள். சமதளத்தில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கொக்கி வாயைத் தராசின் மேல் ஒரு மரக்கட்டையில் உட்கார வையுங்கள். காரில் கோர்த்திருக்கும்போது கொக்கி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் உட்கார வேண்டும். உயரம் மாறினால் அளவும் மாறும். இதை வெறும் பெட்டியில் செய்து பயனில்லை. கேஸ் சிலிண்டர், தண்ணீர், பாய் தலையணை, அரிசி, எல்லாம் பயணத்துக்குப் போகும்படியே இருக்கும்போது செய்ய வேண்டும்.

தராசு கிடைக்கவில்லை என்றால் வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினே போதும், ஒரு பலகையை நெம்புகோலாக வைத்துக்கொண்டால். பலகையின் ஒரு முனை செங்கல் மேல், மறுமுனை மெஷின் மேல், நடுவே 3 அடி. செங்கலிலிருந்து 1 அடி தள்ளிக் கொக்கி உட்காரட்டும். மெஷின் காட்டுவதை 3-ஆல் பெருக்கினால் முன்பாரம். 40 காட்டினால் 120. பலகையை மட்டும் வைத்தபோது மெஷின் காட்டியதை முதலில் கழித்துவிடுங்கள்.

என் கார் கையேட்டில் கொக்கி மேல் 75 கிலோதான் வரலாம் என்று இருக்கிறது. டிரெய்லருக்கோ 120 வேண்டும். என்ன செய்வது?

டிரெய்லரை இலேசாக்குங்கள், அல்லது வேறு வண்டியில் இழுங்கள். 75 கிலோதான் கார் தாங்கும் என்றால் 10 சதவீதக் கணக்குப்படி உங்கள் டிரெய்லர் 750 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது. காருக்காக முன்பாரத்தைக் குறைத்துக்கொண்டு அதே 1,100 கிலோவை இழுப்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. கேட்டால் "கொக்கி வளையலை, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். கொக்கிக்கு ஒன்றும் ஆகாது, ஆடப்போவது டிரெய்லர்.

முன்பக்கம் ஒரு சுமை, பின்பக்கம் ஒரு சுமை என்று சமமாக வைத்தால் கணக்கு சரியாகிவிடும் அல்லவா?

தராசு சரி என்று சொல்லும், ரோடு சொல்லாது. காவடி தூக்கியவர்களுக்குத் தெரியும். இரண்டு முனையிலும் பாரம் தொங்கும் காவடியோடு சட்டென்று திரும்ப முடியாது, திரும்ப ஆரம்பித்தால் சட்டென்று நிறுத்தவும் முடியாது. அதே பாரத்தைத் தோளை ஒட்டிக் கட்டினால் எளிதாகத் திரும்பலாம், நிற்கலாம். டிரெய்லரின் இரண்டு முனையிலும் எடை இருந்தால், ஒருமுறை வீச ஆரம்பித்தபின் அதை டயர்களால் அடக்குவது கடினம்.

அதனால் கனமானதெல்லாம் அச்சின் மேலும் அதற்குச் சற்று முன்னாலும், தரையோடு ஒட்டி இருக்கட்டும். பேட்டரி, சிலிண்டர், தண்ணீர்க் கேன், இரும்புச் சட்டி எல்லாம் அங்கே. துணி, மெத்தை, நாற்காலி பின்னால் போகலாம். பின்சுவரில் ஸ்டெப்னி மாட்டுவதும், பின்னால் கேரியர் வைத்து சைக்கிள் கட்டுவதும் பார்க்க அழகாக இருக்கும். தயவுசெய்து வேண்டாம். ஸ்டெப்னியை முன்சட்டத்தில் மாட்டுங்கள்.

தண்ணீர் டேங்க் தனிக் கதை. 1 லிட்டர் 1 கிலோ, அதுவும் அசையும் எடை. அரை டேங்க் தண்ணீர் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பக்கம் ஓடி மோதும். ஒன்று முழுதாக நிரப்புங்கள், இல்லை காலியாக விடுங்கள். நான் 20 லிட்டர் கேன் ஒன்றோடு கிளம்பி, தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் டேங்கை நிரப்புகிறேன்.

போகும்போது கல் மாதிரி வந்தது, திரும்பும்போது ஆடியது. வண்டியில் கோளாறா?

வண்டியில் இருக்காது, சுமையில் இருக்கும். போகும்போது முன்டேங்கில் நல்ல தண்ணீர் இருந்தது, வரும்போது அது தீர்ந்து, பாத்திரம் கழுவிய தண்ணீர் பின்டேங்கில் சேர்ந்திருக்கிறது. அரிசி தீர்ந்திருக்கும், வாங்கிய சாமான் பின்கதவுக்குள் வந்திருக்கும். வீட்டில் அளந்த முன்பாரம் இப்போது இல்லை.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஜூன் மாதம், மாம்பழ சீசன். கிருஷ்ணகிரியில் 5 கிரேட் (பெட்டி) மாம்பழம் வாங்கினோம், ஒவ்வொன்றும் 22 கிலோ. பின்கதவைத் திறந்ததும் இருக்கும் இடத்தில் அடுக்கினேன், எடுக்க வசதி என்று. காவேரிப்பட்டணம் தாண்டியதும் வேகம் 75 இருக்கும். வலப்பக்கம் ஒரு ஆம்னி பஸ் முந்தியது. பின்கண்ணாடியில் டிரெய்லரின் இடது விளக்கு தெரிந்தது, அப்புறம் வலது விளக்கு, அப்புறம் திரும்ப இடது. கார் இருக்கையில் என் இடுப்பு இழுபடுவது தெரிந்தது. பின்சீட்டில் பிள்ளைகள் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். 55-க்கு இறங்கியபின் அடங்கியது. ஓரமாக நிறுத்திய பிறகும் சற்று நேரம் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்று இரவு கணக்குப் போட்டேன். என் டிரெய்லரில் கொக்கியிலிருந்து அச்சுக்கு 3.5 மீட்டர். அச்சுக்குப் பின்னால் 1.8 மீட்டர் தூரத்தில் 110 கிலோ மாம்பழம். 110-ஐ 1.8-ஆல் பெருக்கி 3.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 57 கிலோ. அவ்வளவு எடை கொக்கியிலிருந்து தூக்கப்பட்டிருக்கிறது. 120 இருந்த முன்பாரம் 63 ஆகி, மொத்தம் 1,210 கிலோவில் 5 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. ஓரம் கட்டிய இடத்திலேயே கிரேட்களை அச்சுக்கு மேல் மாற்றி வைத்தோம். அதற்கப்புறம் தருமபுரி வரை ஆட்டமே இல்லை.

இந்தக் கணக்கை உங்கள் டிரெய்லருக்கு ஒருமுறை போட்டு, உள்சுவரில் சாக்பீஸால் எழுதிவையுங்கள். "பின்கதவில் 10 கிலோ வைத்தால் முன்பாரம் 5 கிலோ குறையும்" என்பது போல ஒரு வரி இருந்தால், வாங்கின சாமானை யாரும் அங்கே வைக்க மாட்டார்கள்.

எவ்வளவு வேகத்தில் போகலாம்?

நான்கு வழிச் சாலையில் காருக்கு 100 வரை அனுமதி இருக்கிறது என்பதை மறந்துவிடுங்கள், அது தனிக் காருக்கு. நான் 70-ஐத் தாண்டுவதில்லை. காற்று நாளிலும் இரவிலும் 60. 60-லிருந்து 80-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆனால் காற்று தள்ளும் விசையும், வண்டியில் அடங்கியிருக்கும் ஆற்றலும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் வரை போனாலும் இதனால் மிச்சமாகும் நேரம் ஒரு டீக்கடை நிறுத்தத்துக்குச் சமம்.

பஸ்ஸும் கன்டெய்னரும் முந்தும்போது இழுக்கிறதே?

முதலில் தள்ளும், அப்புறம்தான் இழுக்கும். பெரிய வண்டி தன் முன்னால் காற்றை ஒரு மேடாகத் தள்ளிக்கொண்டு வருகிறது. அது உங்கள் டிரெய்லரின் பின்மூலையை முதலில் தொட்டு இடப்பக்கம் தள்ளும். பஸ் முன்னேறும்போது காரை அது உறிஞ்சுவது போல இருக்கும். இது இரண்டு மூன்று நொடி. அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் நம் கை எப்போதும் ஒரு வீச்சு தாமதமாகத்தான் திருப்பும், அந்தத் தாமதமே அடுத்த வீச்சுக்கு வேகம் கொடுக்கும்.

கண்ணாடியில் பெரிய வண்டி வருவது தெரிந்ததுமே காலைச் சற்றுத் தளர்த்துங்கள். அவர் சீக்கிரம் கடந்து போகட்டும். முடிந்த அளவு பக்கவாட்டில் இடம் விடுங்கள். எங்கள் சாலையில் இதைவிடப் பெரிய சிக்கல் இடது ஓரம்தான். இடது தடத்தில் போனால் திடீரென்று விளக்கில்லாமல் ஒரு லாரி நிற்கும், எதிர்த்திசையில் ஒரு பைக் வரும். சட்டென்று வலப்பக்கம் வெட்டித் திரும்ப இடப்பக்கம் வருவது டிரெய்லரைக் கையால் ஊஞ்சல் ஆட்டுவதற்குச் சமம். அதனால் பார்வை எப்போதும் தூரத்தில் இருக்கட்டும். 300 மீட்டருக்கு முன்னாலேயே இண்டிகேட்டர் போட்டு, மெதுவாக ஒரு தடம் மாறுங்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் பின்னாலேயே நின்றுவிடுங்கள்.

ஆட ஆரம்பித்துவிட்டது. அந்த நொடியில் என்ன செய்ய வேண்டும்?

ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடியுங்கள், எதிர்த்துத் திருப்பாதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். கால் பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள், காரின் வேகம் சட்டென்று குறைந்தால் பின்னால் வரும் 1,100 கிலோ காரை ஓரமாகத் தள்ளும். டிரெய்லருக்குத் தனி எலக்ட்ரிக் பிரேக்கும் அதற்கு டாஷ்போர்டில் கைக் கட்டுப்பாடும் இருந்தால், அதை மட்டும் மெதுவாகக் கொடுங்கள். டிரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகும். அந்தக் கட்டுப்பாடு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கை போக வேண்டும், அதனால் ஆளில்லாத இடத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

அடங்கியபின் அப்படியே பயணத்தைத் தொடராதீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி டயர், கொக்கி, சுமை மூன்றையும் பாருங்கள்.

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் டிரெய்லர் நேராகிவிடும் என்கிறார்களே?

ஒரு கணம் இழுத்து நேராக்கும், உண்மைதான். ஆனால் ஆட்டத்துக்குக் காரணமே வேகம். வேகத்தைக் கூட்டிவிட்டு, அடுத்த முறை காலை எடுக்கும்போது இன்னும் பெரிய ஆட்டத்தைச் சந்திக்க வேண்டும். செய்யாதீர்கள்.

தொப்பூர் கணவாயில் எப்படி இறக்குவது?

தருமபுரியிலிருந்து சேலம் போகும் தடத்தில்தான் இறக்கம். இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாருக்கும் அந்த இடத்தில் யாராவது ஒருவரைத் தெரிந்திருக்கும், அடிபட்டவரோ, பார்த்தவரோ. டிரெய்லர் இழுப்பவர்களுக்கு அது இரண்டு மடங்கு கவனம் வேண்டிய இடம். ஓசூரிலிருந்து வரும்போது மேலுமலை இறக்கத்துக்கும் இதே முறைதான்.

சமதளத்தில் கார் டிரெய்லரை இழுக்கிறது. இறக்கத்தில் டிரெய்லர் காரைத் தள்ளுகிறது. இழுக்கும்போது நேராக வரும் கயிறு தள்ளும்போது மடங்குவது போல, தள்ளும் நிலையில் டிரெய்லர் பக்கவாட்டில் ஒதுங்கப் பார்க்கும். இங்கே காலை எடுத்தாலும் வேகம் குறையாது. அதனால் இறக்கத்தில் ஆட ஆரம்பித்தால் நம் கையில் மிஞ்சும் வழி மிகக் குறைவு. ஆடும் வேகத்துக்கே போகாமல் இருப்பதுதான் வழி.

பாளையம் டோல்கேட்டைத் தாண்டி, இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே வேகத்தைக் குறைத்துக் கீழ் கியருக்கு வந்துவிடுங்கள். நான் மூன்றாவதில் இறக்குகிறேன், சுமை அதிகம் என்றால் இரண்டாவது. இறங்க ஆரம்பித்தபின் கியர் மாற்றினால் கிளட்ச் மிதித்த அந்த ஒரு நொடியில் டிரெய்லர் முட்டித் தள்ளும். பிரேக்கில் காலை ஊன்றியே வைத்திருக்காதீர்கள். 45 வந்தால் அழுத்தி 35-க்குக் கொண்டுவந்து முழுதாக விடுங்கள், திரும்ப 45 வரும்போது அழுத்துங்கள். நடுவில் பிரேக் ஆறும். பலகையில் போட்டிருக்கும் வேகம் இதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் கணக்கு.

நியூட்ரல் மட்டும் வேண்டவே வேண்டாம். டீசல் மிச்சம் என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி: இப்போதைய இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் டீசல் பாய்வது நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க டீசல் குடிக்கும். இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுபவர்களும் இருக்கிறார்கள். அப்போது பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் இன்ஜின் கொடுக்கும் உதவி போய்விடும், இரண்டும் கல்லாகிவிடும்.

ஓவர்ரன் பிரேக் உள்ள டிரெய்லர், அதாவது முன்தண்டு அழுந்தினால் தானே பிரேக் பிடிக்கும் வகை, இறக்கம் முழுவதும் காரைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் அதன் பிரேக் லேசாகப் பிடித்தபடியே வரும், சூடாகும். கீழே இறங்கியதும் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, சக்கரத்தின் பக்கம் கையைத் தள்ளிக் காட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். கருகல் வாசனை வந்தால் அரை மணி நேரம் நிற்கட்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள், பிரேக் டிரம் விரிசல் விடும்.

இன்னொன்று. 2020 டிசம்பரில் தொப்பூரில் ஒரு விபத்தால் தேங்கி நின்ற வண்டிகள் மேல் லாரி ஒன்று மோதியதில் 4 பேர் இறந்தார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் வரிசை நிற்கலாம் என்று நினைத்தே ஒவ்வொரு வளைவையும் எடுங்கள். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே வழக்கமாக விடுவதைப் போல இரண்டு மடங்கு இடம் வேண்டும்.

டயரில் எவ்வளவு காற்று?

டிரெய்லர் டயரின் பக்கச்சுவரில் அதன் அதிகபட்ச சுமையும் அதற்கான காற்றழுத்தமும் அச்சிட்டிருக்கும். பஞ்சர் கடையில் "முப்பது போடட்டுமாண்ணா" என்று பழக்கத்தில் கேட்பார்கள், தலையாட்டாதீர்கள். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும், அந்த வளைவே ஆட்டத்துக்கு இடம் கொடுக்கும். காலையில், வண்டி ஓடும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். பலர் மறப்பது காரின் பின்டயரை. கொக்கி எடை முழுவதும் அதன் மேல்தான். கையேட்டில் முழுச் சுமைக்குச் சொன்ன அழுத்தம் அங்கே இருக்க வேண்டும்.

சுமைக் குறியீட்டையும் படியுங்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 91 என்றால் 615, 94 என்றால் 670. என் அச்சில் விழுவது 980 கிலோ, டயருக்கு 490. 88 போதும், ஆனால் மாம்பழம் ஏற்றினால் விளிம்புக்கு வந்துவிடும் என்பதால் 94 போட்டிருக்கிறேன்.

அப்புறம் வயது. நான்கு இலக்கம் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டிரெய்லர் ஆண்டில் பாதி நாள் வெயிலில் நிற்பது, பட்டை தேயும் முன்பே ரப்பர் வெடிக்கும். நான் ஐந்து ஆண்டு ஆனதும் பட்டை எப்படி இருந்தாலும் மாற்றுகிறேன்.

டிராக்டர் டிரெய்லர் ஆடுவதில்லையே? ஆணி போட்டுக் கோர்க்கும் அதே கொக்கியைக் காரில் போட்டால் என்ன?

பாலக்கோடு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் 20, 25 வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் எதுவும் ஆடாது. டிராக்டரின் அந்தக் கொக்கியில் ஓட்டைக்கும் ஆணிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். வயலில் அது தேவை. 70-ல் அந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் முட்டி முட்டி ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும், ஆணியையும் தேய்க்கும்.

காருக்கு 50 மில்லிமீட்டர் குண்டும் அதற்குப் பொருந்தும் கப்ளரும்தான் (டிரெய்லர் முனையில் குண்டைக் கவ்வும் வாய்) சரி. லேத்தில் கடைந்த குண்டு வேண்டாம், எந்த இரும்பில் கடைந்தார்கள் என்று நமக்குத் தெரியாது. கோர்த்தபின் முன்சட்டத்தை ஜாக்கியால் தூக்கிப் பாருங்கள், காரின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் முன்தண்டுக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். கொக்கி கழன்றால் தண்டு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கு அதைத் தாங்கும்.

கோர்த்தபின் டிரெய்லர் சமமாகவோ, மூக்கு கொஞ்சம் தாழ்ந்தோ நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் எடை பின்னால் சாயும்.

ஆட்டம் தடுக்கும் ஸ்வே பார் வாங்கினால் இதெல்லாம் தேவையில்லையா?

தேவை. உராய்வுக் கம்பியோ, குண்டைப் பிடித்து இறுக்கும் ஸ்டெபிலைசர் கப்ளரோ நல்லதுதான், சின்ன ஆட்டத்தைச் சீக்கிரம் அடக்கும். பின்பாரமான டிரெய்லரை அது முன்பாரமாக்காது. சின்ன ஆட்டம் தெரியாமல் போவதால் நீங்கள் இன்னும் வேகமாகப் போவீர்கள். அது இல்லாமலேயே ஆடாத டிரெய்லருக்கு மட்டும் கூடுதலாகப் போடுங்கள். ஸ்டெபிலைசர் கப்ளர் என்றால் குண்டில் கிரீஸ் ஒரு துளியும் இருக்கக்கூடாது, சாதாரணக் கப்ளர் என்றால் கிரீஸ் வேண்டும். இதை மாற்றிச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சில புதிய கார்களில் டிரெய்லர் ஆட்டத்தைத் தானே உணர்ந்து சக்கரம் சக்கரமாகப் பிரேக் பிடிக்கும் வசதி உண்டு. டிரெய்லரின் வயர் முறைப்படி காரில் சேர்ந்திருந்தால்தான் பல கார்களில் அது வேலை செய்யும்.

ஆடி மாதத்தில் இழுக்கலாமா?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், நம் பெட்டியோ பக்கவாட்டில் ஒரு சுவர். இழுக்கலாம், விடியற்காலையில். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். மேம்பாலத்தின் உச்சி, ஏரிக்கரை, குன்று முடிந்து வெளி திறக்கும் இடம், இந்த மூன்றிலும் காற்று திடீரென்று அறையும். அதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். ரோட்டோர மரக்கிளைகள் ஒரே பக்கம் படுத்திருந்தால் அன்றைக்கு நான் கிளம்புவதில்லை.

டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. வேண்டுமா?

வேண்டும். டிரெய்லர் தனி வாகனம், தனிப் பதிவு, தனி இன்சூரன்ஸ். காரில் கொக்கி மாட்டுவதும் வண்டியில் செய்யும் மாற்றம்தான், அதனால் பட்டறைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் டிரெய்லரில் படுத்துக்கொண்டு வரட்டுமா?

கூடாது. ஐந்து நிமிடத் தூரத்துக்கும் கூடாது.

ஒகேனக்கல் வரை இழுத்துக்கொண்டு போகலாமா?

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வரை பிரச்சினை இல்லை. அதற்கப்புறம் காட்டுக்குள் வளைந்து இறங்கும் சாலை. விடுமுறை நாளில் வேன், பஸ், பைக் எல்லாம் எதிரே ஏறி வரும், வளைவில் டிரெய்லர் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரியாது. முதல் சில பயணங்களுக்கு டிரெய்லரைப் பென்னாகரத்திலேயே தெரிந்தவர் இடத்தில் நிறுத்திவிட்டுக் காரில் இறங்குங்கள். பழகியபின் வார நாளில், காலை எட்டு மணிக்குள், டேங்க் காலியாக, இரண்டாவது கியரில் இறக்கலாம். திரும்பி ஏறும் முன் பின்கதவைத் திறந்து பாருங்கள், ஈரத்துணியும் எண்ணெய்ச் சட்டியும் மீன் பெட்டியும் அங்கேதான் வந்து சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் அச்சுக்கு மேல் நகர்த்திவிட்டு ஏறுங்கள்.